எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தால் கணினி ஏன் பூட் ஆக மறுக்கிறது?

பழைய கணினிக்கு ஓர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டு) வாங்கிப் பொருத்துவது வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கங்களில் இன்று வழக்கமான வேலையாகிவிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினியைத் தம்பி தங்கைகளுக்காக மறுபடி உயிர்ப்பிக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டிய நிலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப்போட மனமில்லாமல் அதையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். விண்டோஸும் செயலிகளும் வேகமான எஸ்எஸ்டியில், படங்களும் ஆவணங்களும் கொள்ளளவு மிகுந்த ஹார்ட் டிஸ்க்கில் என்பது உண்மையிலேயே நல்ல ஏற்பாடுதான்.

ஆற்காட்டில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா இப்படித்தான் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார். எட்டு மாதங்களாக ஒரு குறையும் இல்லை. பிறகு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வரத் தொடங்கியதும் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினியைப் போட்டிருக்கிறார். கறுப்புத் திரையில் பூட் செய்யத்தக்க வட்டு எதுவும் இல்லை என்ற செய்தி மட்டும் வந்தது. பழுது பார்ப்பவரிடம் எடுத்துப்போனபோது, "எஸ்எஸ்டி போயிடுச்சு சார், வேற மாத்திட்டு ஃபார்மட் பண்ணணும்" என்ற பதில் கிடைத்திருக்கிறது. அந்த எஸ்எஸ்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. இதே தீர்ப்பு எத்தனையோ நல்ல வட்டுகளுக்கு வழங்கப்படுகிறது. அதை நம்பி ஃபார்மட் செய்ததில் பிள்ளைகளின் படங்களையும் கடைக் கணக்குகளையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "பூட் ஆகவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பொறுமையாக விளக்கவே இதை எழுதுகிறேன்.

காட்பாடியில் இறங்கித்தான் வேலூருக்கு வர வேண்டும்

சிஎம்சி மருத்துவமனைக்காகக் கொல்கத்தாவிலிருந்தோ குவாஹாட்டியிலிருந்தோ வருகிறவர்கள் தங்கள் ஊரில் "வேலூருக்குப் போகிறோம்" என்று சொல்லித்தான் புறப்படுவார்கள். ஆனால் அவர்களுடைய ரயில் நிற்பது காட்பாடி சந்திப்பில். நிலையம் பாலாற்றின் வடகரையில் இருக்கிறது. கோட்டையும் மருத்துவமனையும் தென்கரையில் இருக்கின்றன. வேலூர் கண்டோன்மென்ட் என்று ஒரு நிலையம் நகரை ஒட்டி இருந்தாலும் சென்னை, ஜோலார்பேட்டை முதன்மைத் தடம் அதன் வழியாகப் போவதில்லை. ஆகவே காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ பிடித்துப் பாலத்தைக் கடந்தால்தான் வேலூர்.

இப்போது காட்பாடி நிலையத்தை ஒரு நாள் மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலூர் எங்கும் போய்விடாது. கோட்டை அகழியில் தண்ணீர் அப்படியே இருக்கும், மருத்துவமனை இயங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிற பயணிக்கு மட்டும் வந்து சேர வழி இருக்காது. கணினியிலும் விண்டோஸ் என்னும் ஊர் ஒரு வட்டிலும், அந்த ஊருக்கு வருவதற்கான நிலையம் வேறொரு வட்டிலும் அமைந்துவிட முடியும். இரண்டு வட்டுள்ள கணினியில் வரும் பூட் கோளாறுகளில் நான் அதிகம் கண்டது இதைத்தான்.

பொத்தானை அழுத்திய முதல் சில நொடிகள்

கணினியின் நினைவகமான ரேம், மின்சாரம் போனவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை இயக்கும்போதும் விண்டோஸை வட்டிலிருந்து எடுத்து ரேமில் ஏற்றியாக வேண்டும். இந்த ஏற்றும் வேலைக்குத்தான் பூட் என்று பெயர். விண்டோஸே இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதால் அதை எழுப்புவதற்கு வேறு ஒருவர் தேவை. அந்த வேலையைச் செய்வது மதர்போர்டிலுள்ள ஒரு சிறு சில்லில் நிரந்தரமாக எழுதிவைக்கப்பட்ட ஃபர்ம்வேர் என்னும் நிரல்.

ஃபர்ம்வேர் முதலில் ரேம், விசைப்பலகை, வட்டுகள் ஆகியவை பதில் சொல்கின்றனவா என்று பார்க்கிறது. அடுத்து, எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று தன்னிடமுள்ள பட்டியலைப் பார்க்கிறது. இந்தப் பட்டியலைப் பூட் வரிசை என்பார்கள். அதன்படி பூட் மேலாளர் என்னும் சிறு நிரலைக் கண்டுபிடித்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பூட் மேலாளர் தன் பக்கத்திலுள்ள பிசிடி என்னும் குறிப்புக் கோப்பைப் படித்து, விண்டோஸ் எந்த வட்டில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அறிந்து அதை ஏற்றுகிறது. நம் உவமையில் ஃபர்ம்வேர்தான் பயணி, பூட் வரிசை அவர் கையிலுள்ள பயணச்சீட்டு, பூட் மேலாளர் நிலையத்து வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர், பிசிடி அவரிடமுள்ள முகவரி.

சுருக்கமாக: ஃபர்ம்வேர், பூட் வரிசை, பூட் மேலாளர், பிசிடி, விண்டோஸ் என ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி இது. எந்தக் கண்ணி அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: விண்டோஸ் வரவில்லை.

பிரிவினையும் வரைபடமும்: எம்பிஆர், ஜிபிடி

ஒரே வட்டைச் சி, டி என்று பல பகுதிகளாகப் பிரித்துப் பயன்படுத்துகிறோம். இந்தப் பகுதிகளைப் பார்ட்டிஷன் என்கிறோம். வடஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. நிலம் ஓர் அங்குலமும் நகரவில்லை. வரைபடத்தில்தான் கோடுகள் மாறின. வட்டின் பார்ட்டிஷன்களும் அப்படிப்பட்ட கோடுகளே. அந்தக் கோடுகளைக் குறித்துவைக்கும் வரைபடத்துக்கு இரண்டு முறைகள் உள்ளன.

பழைய முறையின் பெயர் எம்பிஆர். 1983 முதல் வழக்கிலுள்ள இது வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது: 446 பைட்டுகள் பூட் நிரலுக்கு, 64 பைட்டுகள் நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு, மீதி 2 பைட்டுகள் முத்திரைக்கு. ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை இதனால் குறிக்க முடியாது. பயாஸ் என்னும் பழைய வகை ஃபர்ம்வேர் இந்த முதல் 512 பைட்டுகளைப் படித்து அப்படியே ஓட்டும்; அதற்கு அதற்குமேல் எதுவும் தெரியாது.

புதிய முறையின் பெயர் ஜிபிடி. இதனோடு வரும் புதிய வகை ஃபர்ம்வேர் யுஇஎஃப்ஐ. வட்டில் ஃபேட்32 அமைப்பில் ஒரு சிறிய தனிப் பகுதி, பெரும்பாலும் 100 மெகாபைட் அளவில், ஒதுக்கப்பட்டு அதற்குள் பூட் மேலாளர் ஒரு சாதாரணக் கோப்பாகவே வைக்கப்படுகிறது. இதை இஎஃப்ஐ பகுதி என்று அழைப்போம். எந்த வட்டின் எந்தப் பகுதியில் எந்தக் கோப்பைத் தொடங்க வேண்டும் என்ற குறிப்பை யுஇஎஃப்ஐ மதர்போர்டிலேயே சேமித்துக்கொள்கிறது.

இரண்டு உலகங்களும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை என்பதுதான் நாம் நினைவில் வைக்க வேண்டியது. சிஎஸ்எம் அல்லது லெகசி என்ற பெயரில் யுஇஎஃப்ஐ கணினிகளிலும் பழைய பயாஸ் போல நடிக்கும் ஒரு வசதி இருக்கும். எம்பிஆர் முறையில் விண்டோஸ் நிறுவிய பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது தேவைப்படும். ஜிபிடி எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸைத் தொடங்க யுஇஎஃப்ஐ முறை வேண்டும். விண்டோஸ் 11க்காகச் செக்யூர் பூட் என்னும், நம்பகமான நிரல்களை மட்டுமே தொடங்க விடும் பாதுகாப்பு வசதியை இயக்க, சிஎஸ்எம்மை யாராவது அணைத்துவிட்டால் அதுவரை ஓடிக்கொண்டிருந்த எம்பிஆர் வட்டு அன்றே பூட் ஆகாமல் போகும். வட்டில் பழுது ஏதுமில்லை. அமைப்பைத் திரும்ப மாற்றினால் அது எழுந்துவிடும்.

இரண்டு வட்டுகளைக் கண்டால் விண்டோஸ் நிறுவி (நிறுவும் நிரல்) செய்வது

சித்தப்பாவின் கணினியில் நடந்தது இதுதான். அவர் எஸ்எஸ்டியைப் பொருத்தியபோது பழைய ஹார்ட் டிஸ்க்கும் இணைப்பிலேயே இருந்தது. விண்டோஸ் நிறுவியிடம் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். நிறுவி, விண்டோஸ் கோப்புகளைச் சொன்னபடி எஸ்எஸ்டியில் வைத்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே ஓர் இஎஃப்ஐ பகுதி இருப்பதைப் பார்த்து, எஸ்எஸ்டியில் புதிதாக ஒன்றை உருவாக்காமல், பூட் மேலாளரையும் பிசிடியையும் அந்தப் பழைய பகுதியிலேயே எழுதிவிட்டது. நிறுவி இப்படி நடந்துகொள்வது பிழையும் அன்று. நிலையம் ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது அதன் கணக்கு. பழைய பயாஸ் கணினியிலும் இதே போல், பூட் வரிசையில் முதலில் நிற்கும் வட்டில், தொடங்குவதற்கென்று குறிக்கப்பட்ட இயங்குநிலைப் பகுதிக்குப் பூட் கோப்புகள் போய்விடும்.

இரண்டு வட்டுகளும் சேர்ந்து இருக்கும்வரை இது வெளியே தெரியாது. விண்டோஸ் எஸ்எஸ்டியின் வேகத்தில்தான் வரும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் நாளில், அல்லது அது தானாகச் சாகும் நாளில், அல்லது "டேட்டா மட்டும்தானே இருக்கிறது" என்று அதை முழுதாக அழிக்கும் நாளில், எஸ்எஸ்டிக்கு வழியில்லாமல் போகிறது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் சாளரத்தைத் திறந்தால் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வட்டுகளும் அவற்றின் பகுதிகளும் வரிசையாகத் தெரியும். இங்கே பெயர்களில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் வழக்கில், விண்டோஸ் இருக்கும் பகுதிக்குப் பூட் என்றும், பூட் கோப்புகள் இருக்கும் பகுதிக்குச் சிஸ்டம் என்றும் பெயர். நாம் இயல்பாக நினைப்பதற்கு நேர் மாறு. சி டிரைவின் கீழே பூட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் எஸ்எஸ்டியிலேயே இருக்கிறது என்று பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது சிஸ்டம் என்ற சொல் எந்த வட்டில் இருக்கிறது என்பதை. அது ஹார்ட் டிஸ்க்கின் வரிசையில் இருந்தால், உங்கள் காட்பாடி அங்கேதான் இருக்கிறது. டிஸ்க் 0 என்பது எஸ்எஸ்டியாகத்தான் இருக்கும் என்றும் கொள்ள வேண்டாம். அந்த எண், வட்டின் தகுதியைக் காட்டுவதில்லை.

சுருக்கமாக: விண்டோஸ் இருக்கும் வட்டும் பூட் கோப்புகள் இருக்கும் வட்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவை பிரிந்திருந்தால் இரண்டு வட்டுகளில் எது போனாலும் கணினி நின்றுவிடும்.

எங்கே நின்றது என்று திரை சொல்லும்

ஃபர்ம்வேர் தன் பட்டியல் முழுதும் தேடியும் எதுவும் கிடைக்காவிட்டால், "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றோ, "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்றோ கறுப்புத் திரையில் காட்டும். பயணி நிலையத்துக்கே வரவில்லை என்று பொருள். 0எக்ஸ்சி000000இ என்ற பிழை எண்ணோடு நீலத் திரை வந்தால், பூட் மேலாளர் எழுந்துவிட்டது, ஆனால் பிசிடி காட்டும் இடத்தில் விண்டோஸ் அதற்குக் கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸின் சின்னம் தோன்றிச் சற்று நேரத்தில் "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று நின்றால், விண்டோஸ் ஏறத் தொடங்கியபின் தன் வட்டோடு பேச முடியாமல் போயிருக்கிறது.

கடைசிச் செய்திக்கு ஒரு தனிக் காரணம் அடிக்கடி காணப்படுகிறது. வட்டுகளோடு ஃபர்ம்வேர் பேசும் முறைக்கு ஏஹெச்சிஐ, ரெய்டு என்று வேறுவேறு அமைப்புகள் உள்ளன. ஒன்றில் நிறுவிய விண்டோஸை மற்றொன்றுக்கு மாற்றிவிட்டால், அதற்குரிய டிரைவர் (வட்டோடு பேச உதவும் சிறு நிரல்) ஆயத்தமாக இல்லாததால் அது தடுமாறும். இந்த மாற்றத்தை நாமே செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பக்கூடும். கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் முதலில் அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். மிகக் குறைந்த செலவில் தீரும் கோளாறு அது.

வட்டே தெரியாதபோது

ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்குள் போய் வட்டுகளின் பட்டியலைப் பார்ப்பதே முதல் சோதனை. எஸ்எஸ்டியின் பெயர் அங்கே இல்லையென்றால், விண்டோஸைப் பற்றியும் பார்ட்டிஷனைப் பற்றியும் யோசிப்பதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

மேசைக் கணினியில் சாட்டா தரவு வடமும் மின் இணைப்பும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, வடத்தை மாற்றியும் பார்க்க வேண்டும். எம்.2 என்பது பொருத்தும் இடத்தின் வடிவத்துக்கு மட்டுமே பெயர்; அந்த வடிவத்தில் சாட்டா என்னும் பழைய இணைப்பு முறை எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ என்னும் வேகமான புதிய முறை எஸ்எஸ்டியும் உண்டு. ஒன்றை மட்டும் ஏற்கும் இடத்தில் மற்றதைப் பொருத்தினால் அது உட்கார்ந்தாலும் தெரியாது. பழைய மதர்போர்டுகள் பலவற்றின் ஃபர்ம்வேருக்கு என்விஎம்இ வட்டிலிருந்து பூட் செய்யவே தெரியாது. சில மதர்போர்டுகளில் எம்.2 இடத்தை நிரப்பினால் குறிப்பிட்ட சாட்டா துளைகள் செயலிழந்துவிடும். எஸ்எஸ்டி போட்டதும் ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது என்று சொல்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கை வேறு துளைக்கு மாற்றினால் அது திரும்பி வரலாம். எந்தத் துளை என்பது மதர்போர்டின் கையேட்டில் இருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சாகும் நிலையிலுள்ள ஹார்ட் டிஸ்க், ஃபர்ம்வேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடித்து, நல்ல எஸ்எஸ்டியுள்ள கணினியையும் தொடக்கத் திரையிலேயே நிறுத்திவைக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் கணினி உடனே எழுந்தால் குற்றவாளி யார் என்பது தெளிவு.

நகலெடுத்து மாறுபவர்களுக்கு

புதிதாக நிறுவாமல் பழைய வட்டை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். சி டிரைவை மட்டும் நகலெடுத்து, இஎஃப்ஐ பகுதியை விட்டுவிடுவது ஒன்று. நகல் முழுமையாக இருந்தும், பூட் வரிசையை மாற்றாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஓட்டிக்கொண்டிருப்பது மற்றொன்று. "எஸ்எஸ்டி போட்டும் வேகம் வரவில்லை" என்ற புகாரின் பின்னால் பல சமயம் இதுதான் இருக்கிறது. நகலின் அடையாள எண்ணும் மூலத்தின் அடையாள எண்ணும் ஒன்றாகவே இருந்தால், விண்டோஸ் இரண்டில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடவும் கூடும். ஆகவே நகலெடுத்தபின் முதல் முறை எஸ்எஸ்டியை மட்டும் இணைத்துக் கணினியை இயக்கிப் பார்த்துவிட வேண்டும்.

எந்த வரிசையில் கைவைப்பது

எதையும் மாற்றுவதற்கு முன், ஃபர்ம்வேர் அமைப்புத் திரைகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் என்னும் பூட்டு போடப்பட்ட கணினியென்றால், அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கு அமைப்புகளை ஒன்றாக மாற்றிவிட்டால், எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியபின்தான் கோளாறு வந்தது என்றால் அதைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். கணினி எழுந்துவிட்டால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. அந்த நிலையில், ஹார்ட் டிஸ்க்கிலுள்ள முக்கியமான கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுப்பதுதான் முதல் வேலை. சத்தம் போடும் வட்டு நமக்காக எத்தனை நாள் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு எஸ்எஸ்டியின் சி டிரைவைச் சிறிது சுருக்கி, கிடைத்த இடத்தில் 100 மெகாபைட் அளவுக்கு ஓர் இஎஃப்ஐ பகுதியை உருவாக்கி, விண்டோஸோடு வரும் பிசிடிபூட் என்னும் கட்டளையால் பூட் கோப்புகளை அதில் எழுதச் செய்ய வேண்டும். ஹார்ட் டிஸ்க் முற்றிலும் போய்விட்டிருந்தாலும், விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து தொடங்கி இதே வேலையைச் செய்யலாம். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதானால், "ஃபார்மட் வேண்டாம், எஸ்எஸ்டியில் இஎஃப்ஐ பகுதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள்.

புதிதாக நிறுவப்போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவுமே வேண்டாம். நிறுவத் தொடங்கும் முன் கணினியை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கின் வடத்தைக் கழற்றிவிட வேண்டும். எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது நிறுவிக்கு வேறு இடம் கிடையாது. எல்லாம் ஒரே வட்டில் அமையும். விண்டோஸ் ஒரு முறை சரியாக எழுந்தபின், கணினியை மறுபடி அணைத்து ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, பூட் வரிசையில் எஸ்எஸ்டியிலுள்ள விண்டோஸ் பூட் மேலாளர் முதலில் நிற்கிறதா என்று சரிபார்த்தால் போதும்.

சித்தப்பாவின் ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டியபோது அது இன்னும் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் படித்தது. பத்தாண்டுக் காலப் பத்திர நகல்களையும் கல்யாணப் பத்திரிகை வடிவங்களையும் படியெடுத்து முடிக்க ஓர் இரவு ஆயிற்று. மறுநாள் காலை எஸ்எஸ்டியில் பூட் கோப்புகளை எழுதி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினோம். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அதே எஸ்எஸ்டியில்தான் அவர் கடை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.